நாட் கிங் கோல் நிகழ்ச்சியை நிறுத்தியது யார்?

அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் தொகுத்து வழங்கிய இசை நிகழ்ச்சியை, அவர் கறுப்பினத்தவர் என்பதால் அதை ஒளிபரப்பிய என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமே ரத்து செய்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். சின்னத் திருத்தம்: நிறுத்தியது என்.பி.சி. அல்ல, கோலேதான்.

1956 நவம்பரில் 15 நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு அரை மணி நேரமாக வளர்ந்தது. எலா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபாண்டே போன்ற புகழ்பெற்ற பாடகர்கள் குறைந்த சம்பளத்துக்கே வந்து பாடினார்கள். ஆனாலும் நாடு முழுவதற்குமான விளம்பரதாரர் ஒருவர்கூட நிலைக்கவில்லை. கறுப்பினத்தவரின் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்தால் அமெரிக்கத் தென் மாநிலங்களின் வெள்ளையின வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம். ஆக, இனவெறி காரணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பழி போய்ச் சேரவேண்டிய இடம்தான் வேறு. என்.பி.சி. நஷ்டத்திலும் தொடர்ந்தது, சனிக்கிழமை மாலைக்கு மாற்றித் தரவும் முன்வந்தது. கோல் மறுத்துவிட்டார். கடைசி ஒளிபரப்பு 1957 டிசம்பர் 17.

சரிபார்க்க நினைப்பவர்கள் 'எபனி' என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் மாத இதழின் 1958 பிப்ரவரி இதழைப் புரட்டலாம். ஏன் விலகினேன் என்று கோலே அதில் கட்டுரை எழுதியிருக்கிறார்.