பட்டுச்சேலையை வீட்டில் துவைத்தால் கஞ்சத்தனமா?

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை சடங்கு வீட்டில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முந்தியைத் தூக்கிப் பிடித்து, "என்ன அத்தை, பட்டை வீட்லயே முக்கி எடுத்துட்டீங்களா? ட்ரை கிளீனிங் குடுக்க மனசு வரலையாக்கும்" என்று நாலு பேர் காதுபட ஒரு மதினி கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, லேசாகச் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டாள். நானும் அங்கே வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் பேசாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடையில் கொடுப்பதா வீட்டில் அலசுவதா என்பதை அழுக்கையும் சாயத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சேலை விலைக்கு அதில் வேலையே கிடையாது.

ட்ரை கிளீனிங் என்றால் துணி நனையாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே நனையும், தண்ணீருக்குப் பதிலாக ஒரு கரைப்பானில் நனையும், அவ்வளவுதான். பழைய ஆட்கள் இதை பெட்ரோல் வாஷ் என்று சொல்வது சும்மா இல்லை. நெய், எண்ணெய், மெழுகு, லிப்ஸ்டிக் எல்லாம் அதில் போய்விடும். ஆனால் வேர்வை உப்பும் பாயசமும் சர்க்கரைப் பாகும் தண்ணீரில் கரைகிற சாமான்கள், அந்தக் கரைப்பானுக்கு அவ்வளவாக அசையாது. நம்ம ஊர் மே மாதக் கல்யாணத்தில் காலை ஆறு மணியில் இருந்து மூன்று மணி வரை பட்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறோமே, அந்தச் சேலையில் என்ன அழுக்கு இருக்கும்? முக்கால்வாசி வேர்வை.

எனக்கு இது அல்வாவில் தெரிந்தது. நாலு வருஷம் முன்னால் என்னுடைய சந்தன நிறப் பட்டில் ஒரு துண்டு அல்வா விழுந்துவிட்டது. கடையில் கொடுத்தேன், நெய்க் கறை போய்ப் புதுசு மாதிரி வந்தது, பீரோவில் வைத்தேன். அடுத்த பொங்கலுக்கு எடுத்து இஸ்திரி போட்டால் அதே இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். நெய் போயிருக்கிறது, சர்க்கரை அப்படியே உள்ளே இருந்திருக்கிறது, சூடு பட்டதும் நிறம் மாறிவிட்டது. விழுந்தது அல்வா என்று கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் அந்த இடத்தை மட்டும் தண்ணீர் வைத்து எடுத்திருப்பார்கள். நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

"அப்போ எல்லாப் பட்டையும் வாளியில் முக்கச் சொல்றியா?" என்று ஒருத்தர் வருவார். சொல்லவில்லை. கோட்டு சூட்டு என்றால் கடையில்தான் கொடுக்க வேண்டும், உள்ளே வைத்துத் தைத்திருக்கும் துணி ஒரு மாதிரியும் மேல் துணி வேறு மாதிரியும் சுருங்கும். கம்பளியும் அப்படித்தான். சாயம் இறங்குகிற பட்டை நனைக்கவே கூடாது. வெள்ளைத் துணியை ஈரமாக்கி உள்மடிப்பில் கரை மேலும் உடல் மேலும் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள், ஒட்டினால் பேசாமல் கடைக்கு அனுப்புங்கள். ஒட்டவில்லை என்றால் நல்ல தண்ணீரில் தனியாக அலசலாம். சோப்புத்தூள் வேண்டாம். பட்டு நம் தலைமுடி மாதிரி புரதம், காரம் அதை அரித்துவிடும். அம்மா பூவந்திக்கொட்டைத் தண்ணீரில்தான் அலசுவாள், பிழிய மாட்டாள், நிழலில் போடுவாள். ராதாபுரம் பக்கம் உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் இதைச் செய்யாதீர்கள். நமக்குத் தாமிரபரணித் தண்ணீர் இருக்கிறது.

கல் ஒட்டிய ஆரி வேலை ஜாக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ட்ரை கிளீனிங்குக்குக் கொடுக்கிறார்களே, சில பசைகள் அந்தக் கரைப்பானிலேயே இளகிவிடும். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்டால் அது நியாயம், நானும் வேலைக்குப் போகிறவள்தான். நேரம் இல்லை என்று கொடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. கௌரவம் என்று கொடுத்துவிட்டு, கொடுக்காதவளைப் பந்தியில் வைத்துக் கேட்காதீர்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பல நாடுகளில் இந்த வேலைக்குப் பயன்படுகிற பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ட்ரை கிளீனிங்கில் அதை 10 ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தச் சொல்லி அமெரிக்கா 2024 டிசம்பரில் விதி போட்டது. நமக்கு ஒரு நாள் வாசனை, அந்த மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தினமும். வேண்டாத துணியையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவதில் என்ன பெருமை?

அப்புறம், மதினிக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சேலை 2023 டிசம்பர் வெள்ளத்தில் இருந்து தப்பியது. ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் சிந்துபூந்துறை வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க ஆற்றுச் சேறு. ஏழு பட்டுச்சேலைகள். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கடை ஒன்றும் திறக்கவில்லை. மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாக இறக்கி, சேறு காய்வதற்கு முன்னால் ஒவ்வொன்றாக அலசி மொட்டை மாடியில் நிழல் பார்த்து விரித்தாள். இரண்டில் சாயம் இறங்கிவிட்டது, அதில் ஒன்றின் பச்சைக் கரை உடல் முழுக்கப் படர்ந்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஐந்து பிழைத்தது. பிறகு கடையில் கேட்டபோது, சேற்றைக் காயவிட்டுக் கொண்டுவந்திருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் அந்த அண்ணாச்சியும் சொன்னார்.

அதில் ஒன்றுதான் ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்த அரக்குப் பட்டு. மொடமொடப்பு இல்லைதான். அந்த மொடமொடப்பும் பளபளப்பும் கஞ்சி வைத்து ரோலிங் போடுவதில் வருவது, அதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. 67 வயதில் முட்டுவலியோடு மாடி ஏறி இறங்கிக் காப்பாற்றிய சேலையை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. அந்தச் சேலையை மடித்து உள்ளே வைத்திருந்தாள். "ஏட்டி, போற வழியில கடையில குடுத்துரு, இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள். அந்தப் பையை நான் எடுக்கவில்லை. ஆறு நாளாக அங்கேயேதான் இருக்கிறது, அவளும் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை.