வெறுமனே திரும்பினால் லாக் நின்றுவிடுமா?

நிரல்களின் லாக் போன்ற தரவைச் சேகரித்து அனுப்ப உதவும் ஓப்பன்டெலிமெட்ரியில், லாக் பதிவுகளைக் கையாளும் லாக் பிராசஸர் ஒன்றைச் சொந்தமாக எழுதி, வேண்டாத பதிவு வந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் அழைக்கப்படும் ஆன்எமிட் மெத்தடில் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிட்டால் அந்தப் பதிவு வெளியே போகாது என்று ஒரு குறிப்பு சுற்றி வருகிறது. இது தவறு.

பதிவு செய்யப்பட்ட பிராசஸர்களை எஸ்டிகே (ஓப்பன்டெலிமெட்ரியின் நிரல் நூலகம்) வரிசையாக ஒவ்வொன்றாக அழைக்கிறது. முதலாவது சும்மா இருந்தாலும் அடுத்தது அதே பதிவை வாங்கிக்கொள்ளும். ஆக, டிபக் லாக்கைத் தடுத்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆனால் பின்னால் நிற்கும் பேட்ச் பிராசஸர் (பதிவுகளைத் தொகுதியாகச் சேர்த்து அனுப்புவது) அதை எக்ஸ்போர்ட்டருக்கு, அதாவது தரவை வெளியே அனுப்பும் பகுதிக்கு, அனுப்பியிருக்கும். அதில் கடவுச்சொல் இருந்தால்? கேட்கவே வேண்டாம்.

சரியான வழி, பேட்ச் பிராசஸரை உங்கள் பிராசஸருக்குள் வைத்துச் சுற்றுவது. பேட்ச் பிராசஸரைத் தனியாகப் பதிவு செய்யாமல், உங்களுடையதை மட்டும் பதிவு செய்யுங்கள். வேண்டிய பதிவுக்கு மட்டும் உள்ளே இருப்பதன் ஆன்எமிட்டை அழையுங்கள். ஷட்டவுன் (நிறுத்துவது), ஃபோர்ஸ்ஃப்ளஷ் (தேங்கியதை உடனே அனுப்புவது) அழைப்புகளையும் உள்ளே கடத்த வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். அப்புறம் நிரல் முடியும்போது கடைசிப் பதிவுகள் காணாமல் போகும்.

தடுக்காமல் மதிப்பை மறைப்பது மட்டும் போதுமென்றால் சுற்றத் தேவையில்லை. ஒரு பிராசஸர் செய்யும் மாற்றம் அடுத்தடுத்தவற்றுக்குத் தெரியும் என்பது ஓப்பன்டெலிமெட்ரி விவரக்குறிப்பிலேயே உண்டு. மறைக்கும் பிராசஸரை பேட்ச் பிராசஸருக்கு முன்னால் பதிவு செய்தால் சரி.