நீளம் கூட்டினால் மட்டும் கடினமாகிவிடாது

மதுரைப் பக்கம் கோல்ஃப் மைதானம் அமைத்தால் ஒரு குழியை (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலிருந்து குழிவரையான ஆட்டப் பாதையை) 600 கஜத்துக்கு மேல் நீட்டினாலே தேர்ந்த ஆட்டக்காரர்கள் திணறுவார்கள் என்றும், அந்தத் தூரத்தைத் தாண்டினாலே அது பார் 6 (தேர்ந்தவர் ஆறு அடிகளில் முடிக்க வேண்டிய குழி) ஆகிவிடும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது கூற்று எளிதில் தீரக்கூடியது: ஆட்டக்காரர்களின் திறனை அளவிடும் உலக ஹேண்டிகேப் முறையின் வழிகாட்டுதல்படி ஆண்களுக்கான பார் 5 குழி 710 கஜம் வரை இருக்கலாம், 2007 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் ஓக்மாண்ட் மைதானத்தின் 667 கஜக் குழியும் பார் 5தான்.

முதல் கூற்றுதான் அதிகம் திசை திருப்புகிறது. மூன்றாவது அடிக்கு முன் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையை) எவராலும் எட்ட முடியாது என்றாகிவிட்டால், இரண்டாவது அடி வெறுமனே பந்தை முன்னே நகர்த்தும் வேலையாகிவிடும்; திறமைக்கு அங்கே கேள்வியே எழாது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தின் 13ஆம் குழி 2023இல் 510 கஜத்திலிருந்து 545 கஜமாக நீட்டப்பட்டபோதும், கிரீனுக்கு முன்னால் ஓடும் ஓடையை இரண்டாவது அடியிலேயே தாண்டத் துணிவதா, இப்பாலேயே நிறுத்திக்கொள்வதா என்ற தயக்கம் அப்படியே காக்கப்பட்டது. எட்டக்கூடிய, ஆனால் தவறினால் தண்டிக்கும் தூரமே தேர்ந்தவரைச் சோதிக்கும்.

தவிர, சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், மதுரைச் சமவெளியில் அடிக்கும் அதே அடி அங்கே கூடுதல் தூரம் போகும். கஜக் கணக்கை இடத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.