வில்லியம்ஸ் சகோதரிகள் தாமாகக் கற்றவர்கள் அல்லர்

"டென்னிஸில் வில்லியம்ஸ் சகோதரிகள் பயிற்சியாளர் இல்லாமலே வென்றார்கள், நம் தருமபுரிப் பிள்ளைகளுக்கும் காணொளியும் சுவரும் போதும்" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது பெற்றோரைத் தவறாக வழிநடத்தும். புத்தகங்களையும் காணொளிகளையும் கொண்டு டென்னிசைப் பெரும்பாலும் தாமாகக் கற்றவர் அவர்களுடைய தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ். வீனஸுக்கும் செரீனாவுக்கும் அவரே அருகில் நின்று சொல்லிக்கொடுத்தார். அதுவும் போதாதென்று 1991-இல் குடும்பம் கலிபோர்னியாவிலிருந்து புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்து, ரிக் மேசி என்ற பயிற்சியாளரின் பயிற்சிக்கூடத்தில் அவர்களைச் சேர்த்தது.

சுவர்ப் பயிற்சி மிக நல்லது. வலையின் நடு உயரமான 91.4 செ.மீ. அளவில் சுவரில் கோடு போட்டு, அதற்கு மேலே படும்படி அடித்தால் கண்ணும் காலும் ஒன்றாக இயங்கப் பழகும். ஆனால் பிடி தவறு என்று சுவர் சொல்லாது. ராக்கெட்டைத் தோசைத் திருப்பியைப் போல் பிடித்து சர்வ் செய்தால், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியை அடித்தால், தொடக்கத்தில் பந்து எளிதாகக் கட்டத்துக்குள் விழுவதால் அதுவே சரி என்று தோன்றும். முதல் சர்வ் தவறி, பந்தைச் சுழலவிட்டு இரண்டாவது சர்வ் போட வேண்டிய நிலை வரும்போதுதான் அந்தப் பிடி தடையாகும், அதற்குள் கை அதற்கே பழகிப்போயிருக்கும்.

ஆகவே கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ விவரம் தெரிந்த ஒருவரிடம் பிடியையும் சர்வையும் மட்டுமாவது முதலில் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். சிறு குழந்தைகளுக்கு வழக்கமான மஞ்சள் பந்தைக் கொடுக்காமல், அதைவிட 75 சதவீதம் வேகம் குறைந்த சிவப்புப் பந்தில் தொடங்குங்கள்.