அட்மாஸ் வந்த பிறகும் 5.1 எதற்கு?

"அட்மாஸ் வந்தாச்சு, இனி பழைய 5.1 மிக்ஸை யார் கேட்கப் போகிறார்கள்?" இந்தக் கேள்வி அடிக்கடி கண்ணில் படுகிறது. நான் கேட்கிறேன். 5.1 என்றால் நம்மைச் சுற்றிக் காது மட்டத்தில் ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர். டால்பி அட்மாஸ் தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் புதிய முறை. மிக்ஸ் என்பது பதிவான ஒலிகளை எது எங்கே, எவ்வளவு என்று கலந்து அமைப்பது. பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸும் கையில் இருக்கும்போது, 5.1-ஐத்தான் முதலில் எடுக்கிறேன். பழக்கத்தால் வந்த பாசம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் இருக்கிறது.

இந்த ஆல்பத்துக்கு மூன்று சுற்றொலி மிக்ஸ்கள் உண்டு. 1973-ல் அதன் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் நான்கு ஸ்பீக்கருக்காகச் செய்த குவாட் மிக்ஸ். 2003-ல், முப்பதாம் ஆண்டையொட்டி, ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்து எஸ்.ஏ.சி.டி. வட்டாக (சி.டி.யைவிட உயர்தர ஒலி தரும் வட்டு) வந்த 5.1. அப்புறம் 2023-ல், ஐம்பதாம் ஆண்டுக்கு, அதே கத்ரி செய்த டால்பி அட்மாஸ். ஒரே ஆள், ஒரே ஆல்பம், இடையில் இருபது ஆண்டுகள். 5.1-ஐயும் அட்மாஸையும் ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது கஷ்டம்.

ஒலியை ஆளைச் சுற்றி ஓடவிடும் ஆசை இந்தக் குழுவுக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. 1967 மே மாதம் லண்டன் குயின் எலிசபெத் ஹாலில் நடந்த நிகழ்ச்சியிலேயே, ஜாய்ஸ்டிக் வைத்த ஒரு பெட்டியைக் கொண்டு குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் ஒலியை அரங்கின் மூலைகளுக்கு அனுப்பினார். 'டைம்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் அலறும் கடிகாரங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் பதிவு செய்தது குவாட் ஒலியை விளக்கிக் காட்டும் ஒரு மாதிரித் தட்டுக்காக. அது இந்த ஆல்பத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 1973 பிப்ரவரி 27 அன்று லண்டன் கோளரங்கத்தில் பத்திரிகையாளர்களுக்கு ஆல்பத்தைப் போட்டுக் காட்டியபோது குவாட் மிக்ஸ் தயாராகவில்லை. அதனால் நால்வரில் ரைட் மட்டுமே போனார், மற்ற மூவரும் வர மறுத்துவிட்டார்கள். ஸ்டீரியோவில் மட்டும் இதை அறிமுகப்படுத்துவது அவர்களுக்கு அவ்வளவு பெரிய குறையாகப் பட்டிருக்கிறது!

ஆக, இந்த இசை காது மட்டத்தில் ஒரு வட்டத்தை மனதில் வைத்து யோசிக்கப்பட்டது. என் வாதத்துக்கு அதுதான் அடிப்படை. 5.1-இல் 'ஆன் த ரன்' ஓடும்போது அந்த சிந்தசைசர் ஒலி அறையைச் சுற்றுகிறது. ராட்டினத்தின் நடுக்கம்பத்தில் நம்மைக் கட்டிவிட்டது போல இருக்கும். காலடி ஓசை எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் காட்டலாம். 'மணி' பாட்டின் காசும் கல்லாப்பெட்டியும் ஏழு அடித் தாளத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் விழுகின்றன. 'அஸ் அண்ட் தெம்' பாட்டில் குரல் முன்னால் நிற்க, அதன் எதிரொலி பின்னால் போய்க் கரைகிறது. ஐந்து ஸ்பீக்கர்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார் என்பது ஒவ்வொரு நொடியிலும் தெரிகிறது.

அட்மாஸ் குறைவானது என்று நான் சொல்லவில்லை. அதில் ஒலியை ஸ்பீக்கர் கணக்கில் பிரிக்காமல், 'இந்த ஒலி அறையில் இந்த இடத்தில்' என்ற குறிப்போடு ஒரு பொருளாக வைக்கலாம். நம் வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்கேற்ப ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) அதைப் பங்கிட்டுக்கொள்ளும். கூரையிலும் நான்கு ஸ்பீக்கர் உள்ள 7.1.4 அமைப்பில் கேட்டால் கடிகாரங்கள் தலைக்கு மேலும் அடிக்கின்றன. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் கிளேர் டோரியின் குரலைச் சுற்றி வரும் காற்று, அந்த விசாலம், 5.1-இல் எனக்குக் கிடைக்கவே இல்லை. அந்த ஒரு பாட்டுக்கு அட்மாஸ்தான் என் தேர்வு. ஆனால் 'மணி' பாட்டில் டிரம்ஸும் பேஸ் கிடாரும் நெஞ்சில் வந்து மோதும் அழுத்தம், ஒலி மேலேயும் பரவும்போது கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. மொத்த ஆல்பமும் அழகாக விரிகிறது, ஆனால் பிடி இளகுகிறது.

இன்னொன்று, சத்தம். டால்பி அட்மாஸில் இசை வெளியிட சராசரி ஒலியளவு மைனஸ் 18 எல்.யு.எஃப்.எஸ்.ஸை (சத்தத்தை அளக்கும் அலகு, சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) தாண்டக் கூடாது என்று வரையறை வைத்திருக்கிறார்கள். மிக நல்ல விதி. இன்றைய ஸ்டீரியோ மாஸ்டர்கள் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவுகள்) பலவும் இதைவிட அதிகச் சத்தத்தில் இருப்பவை. எனவே வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் அட்மாஸ் சோர்வாகத் தெரியும். முதலில் இரண்டின் அளவையும் சமப்படுத்துங்கள். அதைச் செய்யாமல் எழுதப்படும் ஒப்பீடுகளை நான் படிப்பதே இல்லை.

ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு அட்மாஸை மெச்சுவதும் திட்டுவதும் இரண்டுமே எனக்கு ஏற்பில்லை. அங்கே மேலேயும் பின்னேயும் ஒலிப்பது போன்ற பிரமையைக் கணக்குப் போட்டு இரண்டு காதுக்குள் அடைக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒருவர் காதுக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. ஹெட்ஃபோன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பழைய ஸ்டீரியோவையே கேளுங்கள் என்பேன். சவுண்ட்பாரிலும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். அதே பணத்துக்குச் சுமாரான ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி, பின்னிரண்டையும் காது மட்டத்தில் சரியாக வைத்தால் அறை வேறு அறையாகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு ஒரு விஷயத்தில். 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் அட்மாஸைக் கொண்டுவந்த பிறகு பழைய ஆல்பங்களுக்கு மளமளவென்று அட்மாஸ் மிக்ஸ் வருகிறது. சந்தோஷம். ஆனால் அங்கே ஒரு ஆல்பத்துக்கு ஸ்டீரியோ கிடைக்கும், அட்மாஸ் கிடைக்கும், 5.1 மிக்ஸ் கிடைக்காது. எஸ்.ஏ.சி.டி., டிவிடி ஆடியோ காலத்தில் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உழைத்துச் செய்த மிக்ஸ்கள் பலவும் அச்சில் இல்லாத வட்டுகளிலேயே நின்றுபோயின. வட்டு வைத்திருப்பவர் கேட்கலாம், மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. அட்மாஸ் கோப்பை அனுப்ப முடிகிற சேவைக்கு ஆறு சேனலை அனுப்புவது ஒரு தொழில்நுட்பத் தடையா என்ன? கேட்பவர் குறைவு என்பார்கள். பட்டியலிலேயே இல்லாததை யார் எப்படிக் கேட்பார்கள்?

உங்களிடம் 5.1 வட்டுகள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாய்ப்புள்ளவர்கள் இந்த ஆல்பத்தின் 2003 மிக்ஸையும் 2023 மிக்ஸையும் ஒரே அறையில், ஒரே சத்த அளவில் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள். 'த கிரேட் கிக்' தவிர வேறு எந்தப் பாட்டிலாவது அட்மாஸ் வென்றது என்று நினைத்தால், எந்த இடத்தில் என்று குறிப்பாக எழுதுங்கள். அந்த இடத்தை நானும் மறுபடி போட்டுக் கேட்கிறேன்.