நாமினி மட்டும் போதாது

உயில் எழுதுவது பற்றிய உங்கள் கட்டுரையில் நாமினி பற்றி ஒரே வரிதான் வருகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு நாமினி என்று நாம் பெயர் எழுதிக் கொடுப்பவர், நம் காலத்துக்குப் பிறகு பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், சொந்தக்காரர் இல்லை. கம்பெனிப் பங்குகளுக்கும் (ஷேர்) இதே நிலைதான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் சித்தப்பா உயில் எழுதாமலே போய்விட்டார். டெபாசிட்டுக்குச் சித்திதான் நாமினி. எல்லாம் தனக்கே வரும் என்று நம்பியிருந்தார். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சம பங்கு. பாட்டி, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றுதான் சொன்னார். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதுவதற்குள் அவரும் காலமாகிவிட்டார். அவருடைய கால் பங்கு அத்தைகள், பெரியப்பா என்று பிரிந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக்காகச் சித்தி அலைந்ததைப் பார்த்தவன் நான். மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும் உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக இருக்கட்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே.