துப்பாக்கிக்கு எதற்கு டைட்டானியம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் ஒரு தந்தை என்னை ஓரமாக அழைத்துச் சென்று தன் கைபேசியை நீட்டினார். மகளுக்குப் பதினைந்து வயது. 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள், நன்றாகவே சுடுகிறாள். திரையில் வரிசையாகப் படங்கள்: டைட்டானியத் திருகுகள், மெக்னீசியக் கலவையில் கடைந்த பாகங்கள், வானவில் நிறத்தில் மின்னும் ஏதோ ஒரு வளையம். விலையைப் பார்த்தபோது என் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன்.

“சார், இதையெல்லாம் மாற்றினால் எடை எவ்வளவு குறையும்?”

“நூறு கிராம் குறையலாம்.”

அவர் முகம் மலர்ந்தது. “ஆனால் உங்கள் மகள் முந்நூறு கிராம் எடைத்துண்டுகளைக் காசு கொடுத்து வாங்கிக் குழலுக்குக் கீழே மாட்டியிருக்கிறாளே, கவனித்தீர்களா?” என்றேன். அவர் கவனித்திருக்கவில்லை.

பன்னாட்டு விதிப்படி ஏர் ரைபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்கு முன் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். மேல்வரம்பு மட்டும்தான், எவ்வளவு இலேசாகவும் கொண்டுவரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் தேர்ந்தவர்கள் பலர் அந்த மேல்வரம்பை நோக்கித்தான் போகிறார்கள். பத்துப் புள்ளி தருவது இலக்கின் நடுவில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. 75 நிமிடத்தில் 60 முறை அதை நோக்கிச் சுட வேண்டும். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, எடையைத் தசையில் அல்லாமல் எலும்பில் இறக்கி நிற்கும்போது கனமான துப்பாக்கி நாடித் துடிப்பை விழுங்கிவிடுகிறது. இலேசான துப்பாக்கி ஒவ்வொரு துடிப்பையும் குழல் முனையில் எழுதிக் காட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், விலை உயர்ந்த போட்டித் துப்பாக்கிகளில் வரும் அலுமினிய ஸ்டாக்கை, அதாவது தோளில் ஊன்றும் கட்டையை, இலேசுக்காகத்தான் செய்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான பீச் மரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிராம்; அலுமினியம் 2.7. எது இலேசு என்று நீங்களே சொல்லுங்கள். அலுமினியத்தை எடுத்துக்கொண்டது கன்னப் பலகையையும் தோள் கொக்கியையும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் பொருத்துவதற்காக. மழைக்காலத்தில் மரம் போல் உப்பாமல் இருப்பதற்காக. அதற்குக் கொடுக்கும் காசு நியாயமான காசு. எடையைக் குறைப்பதற்கென்று கொடுக்கும் காசுதான் எனக்கு நெருடுகிறது.

ஏர் ரைபிளை விட்டுவிடுவோம். அதில் உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னோக்கித் தோளைத் தள்ளுவது, இல்லவே இல்லை என்று சொல்லலாம். மலையேறி வேட்டையாடும் நாடுகளில், நாள் முழுக்கத் தோளில் சுமப்பவனுக்கு அரைக் கிலோ என்பது பெரிய விஷயம். மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 308 ரகத் தோட்டா சுடும்போது குண்டும் எரிவாயுவும் முன்னோக்கிக் கொண்டுபோகும் உந்தத்தை (எடை பெருக்கல் வேகம்) கிலோ, மீட்டர், நொடிக் கணக்கில் ஏறத்தாழ 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோ துப்பாக்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னே வரும்; தோளில் இறங்குவது 18 ஜூல். அதையே 3 கிலோவாக்குங்கள்: வேகம் 4 மீட்டர், ஆற்றல் 24 ஜூல். காசைக் கொட்டிக் குறைத்த ஒரு கிலோவுக்கு வட்டியாக மூன்றில் ஒரு பங்கு உதை கூடுகிறது. பிறகு அந்த உதையைத் தணிக்கக் குழல் முனையில் ஒரு பிரேக் வாங்குவார்கள். அதற்கும் எடை உண்டு. காதும் கிழியும்.

இலேசான உலோகத்தின் மீது காதல் புதிதல்ல. 1950-களில் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் ஆர்மலைட் என்ற சிறு நிறுவனம் இருந்தது. ஃபேர்சைல்டு என்ற விமான நிறுவனத்தின் கிளை அது. விமானக்காரர்களுக்கு அலுமினியம் தாய்மொழி போன்றது. அங்கே யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-10 துப்பாக்கியை ராணுவம் 1957-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் சோதித்தது. நிறுவனத் தலைவர் ஜார்ஜ் சல்லிவன், ஸ்டோனர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், மெல்லிய எஃகுக் குழலின் மேல் அலுமினியம் போர்த்திய கலப்புக் குழலைப் பொருத்த வைத்திருந்தார். சோதனையில் அந்தக் குழல் வெடித்தது. பிறகு எஃகுக் குழல் பொருத்தினார்கள். ஆனால் ராணுவம் தேர்ந்தெடுத்தது அதோடு போட்டியிட்ட இன்னொரு துப்பாக்கியை; அதுதான் எம்-14 ஆனது.

அந்த ஏ.ஆர்.-10-இன் உடற்பகுதியும் அலுமினியம்தான். அது வெடிக்கவில்லை. அந்த வடிவம் ஏ.ஆர்.-15 ஆகவும் எம்-16 ஆகவும் இன்றுவரை வாழ்கிறது. ஏன்? தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைத்துப் பூட்டும் போல்ட்டின் பற்களை ஸ்டோனர் நேராகக் குழலின் எஃகு நீட்சியிலேயே கோர்த்துவிட்டார். வெடிப்பின் அழுத்தம் எஃகுக்கும் எஃகுக்கும் இடையே முடிந்துவிடுகிறது. சுற்றியிருக்கும் அலுமினியம் வெறும் வீடு. அடி விழும் இடத்தில் எஃகு, அடி விழாத இடத்தில் அலுமினியம். பொறியியல் என்றால் இதுதான். சல்லிவன் செய்தது ஆசை.

ரஷ்யர்கள் இன்னும் சுலபமாக முடித்தார்கள். முழு எஃகுக் கட்டியைக் கடைந்து செய்த ஏ.கே. உடற்பகுதியை விட்டுவிட்டு, 1959-இல் ஏ.கே.எம். வந்தபோது 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி மடித்தார்கள். எடையும் குறைந்தது, விலையும் குறைந்தது. எந்தப் புது உலோகமும் இல்லை.

இனி டைட்டானியம். கோவையில் எனக்கு ஒரு சிறிய லேத் பட்டறை இருப்பதால் இந்த உலோகத்தோடு தனிப்பட்ட கோபம் உண்டு. வெப்பம் அதற்குள் ஓடாது. எல்லாச் சூடும் வெட்டும் டூலின் நுனியிலேயே நிற்கும். எஃகில் ஒரு வாரம் உழைக்கும் நுனி இதில் மதியச் சாப்பாட்டுக்குள் மழுங்கிவிடும். மெல்லிய சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை ஆசைப்பட்டு என் சொந்தத் துப்பாக்கிக்கு இரண்டு டைட்டானியத் திருகுகள் வாங்கினேன். மசகு போடாமல் முறுக்கிவிட்டேன். மரையும் மரையும் ஒட்டிக்கொண்டன. கழற்ற வேறு வழியில்லாமல் தலையைத் துளையிட்டு எடுத்தேன். மிச்சப்படுத்திய எடையைத் தராசில் போட்டுப் பார்த்தேன்: ஆறு கிராம். ஒரு ரூபாய் நாணயம் இரண்டு வைத்தால் சமன்.

அதன் விலைக்குக் காரணம் அது அரிய பொருள் என்பதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாதுதான். பிரித்தெடுப்பதுதான் பாடு. குளோரினோடு சேர்த்து, ஆர்கான் வாயுவுக்குள் மூடி, மெக்னீசியத்தைச் செலவழித்து, ஈடு ஈடாகக் காய்ச்ச வேண்டும். இட்லி அவிப்பதுபோல் ஒவ்வொரு ஈட்டுக்கும் காத்திருக்க வேண்டும். எஃகு போல ஆறாக ஓடி வராது.

இன்னொன்றும் விற்பவர்கள் சொல்வதில்லை. எஃகு, அலுமினியம், டைட்டானியம் மூன்றையும் எடைக்கு எடை நிறுத்துப் பார்த்தால் விறைப்பு, அதாவது வளைய மறுக்கும் தன்மை, ஏறத்தாழ ஒன்றே. அலுமினியம் எஃகில் மூன்றில் ஒரு பங்கு எடை. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு. வலிமைக் கணக்கு வேறு, அதில் டைட்டானியம் கெட்டிக்காரன். ஆனால் துல்லியம் கேட்பது பெரும்பாலும் விறைப்பைத்தான்.

டைட்டானியமே வீண் என்று சொல்ல வரவில்லை. எம்-777 பீரங்கியைப் பாருங்கள். அதற்கு முந்தைய எம்-198 ஏழு டன்னுக்கு மேல். இது டைட்டானியத்தால் 4.2 டன்னுக்கு இறங்கியது. இந்திய ராணுவம் 2016-இல் 145 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. காரணம், சினூக் ஹெலிகாப்டரின் வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டு, சாலையே இல்லாத மலைமுகட்டில் இறக்கலாம். அங்கே மூன்று டன் குறைந்ததால் முடியாத காரியம் முடிகிறது. இந்தப் பக்கம் ஆறு கிராம்.

எடை குறைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: குழலைப் பாருங்கள். துப்பாக்கியின் கனத்தில் பெரும் பங்கு அங்கே இருக்கிறது. கொஞ்சம் மெல்லிய குழல், சற்றுச் சிறிய ஸ்கோப். எல்லாம் பழைய எஃகு, பழைய கண்ணாடி. கைபேசியில் பார்த்த மொத்தக் கூடையையும்விட அதிகம் குறையும்.

அன்று அந்தத் தந்தையிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். அதற்குள் மகள் சுட்டு முடித்து வந்துவிட்டாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளையே கேட்டோம். அவள் கையை முன்னே நீட்டிக் காட்டினாள். சுடும்போது போடும் தடித்த ஜாக்கெட்டின் கை மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலேயே நின்றது.

“தோளும் பிடிக்கிறது அங்கிள். போன வருடமே சொன்னேன், அப்பா மறந்துவிட்டார்.”